மாமனாருக்கு வந்த சீனச் சீதனம்

என் மச்சினன் ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கிறான். கம்பெனி பெயர் வேண்டாம். என்ன வேலை என்று கேட்டால் வாயில் நுழையாத பதவி ஒன்றைச் சொல்வான். சுருக்கமாகச் சொன்னால், நிற்கிற வேலை. 'லைன்' ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். நிமிஷத்துக்கு ஒரு சாமான் இவன் முன்னால் வந்து நிற்கும். நாலு போல்ட்டை முடுக்குவான். அது போய்விடும். அடுத்தது வரும். எட்டு மணி நேரம் இப்படி. நடுவே சாப்பாட்டுக்கு அரை மணி, டீக்கு இரண்டு தரம் பத்துப் பத்து நிமிஷம்.

"உட்காரவே கூடாதா?" என்று கேட்டேன்.

"உக்காரலாம் மாமா. யாரும் வேணாம்னு சொல்லல. ஸ்டூல் இல்ல, அவ்ளோதான்."

1980-ல் லாரியும் மொபெட்டும், 1987-ல் கைக்கடிகாரமும் செய்ய ஆரம்பித்த ஊர் அது. அதற்கு முன்னால் ரோஜாவும் குளிருமாக இருந்த இடம். இன்றைக்கும் காலை ஐந்தரைக்குப் பனியில் போய் நின்று பார்த்தால், கம்பெனி பஸ்ஸுக்காக ஒரு சின்ன ஜில்லாவே ரோட்டோரம் நிற்பது தெரியும். பஸ்ஸுக்கு நின்று, பஸ்ஸில் நின்று, லைனில் நின்று, கேன்டீன் கியூவில் நின்று, திரும்பி வருவார்கள்.

போன பொங்கலுக்குச் சூளகிரியில் மாமனார் வீட்டில் மச்சினன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீர் தூக்கினான். அப்போதுதான் அவன் இடது காலைப் பார்த்தேன். கெண்டைக்காலில் கிருஷ்ணகிரி ஜில்லா ரோடு மேப். முழங்காலுக்குப் பின்னால் தேசிய நெடுஞ்சாலை 44 புறப்பட்டு, வளைந்து நெளிந்து, ராயக்கோட்டைக்கு ஒரு கிளை, தேன்கனிக்கோட்டைக்கு ஒரு கிளை பிரிந்து, கணுக்காலில் போய் முடிகிறது. நீலப் பச்சையாக, சுண்டு விரல் தடிமனில். வயசு 31.

"நரம்பு சுருட்டிக்கிச்சு மாமா."

இந்த 'நரம்பு' என்ற வார்த்தையால் அவனுக்கு ஒரு நாள் லீவும் டாக்டர் ஃபீசும் வீண். நேராக நரம்பு ஸ்பெஷலிஸ்ட்டிடம் போய் டோக்கன் வாங்கி, நாற்காலி காலியில்லாமல் இரண்டு மணி நேரம் நின்று, உள்ளே போய் லுங்கியைத் தூக்கியிருக்கிறான். அவர், "இது நான் இல்லப்பா" என்று அனுப்பிவிட்டார். நாம் தமிழில் கையில் பச்சையாகத் தெரிவதையும் நரம்பு என்கிறோம், மூளையிலிருந்து சேதி கொண்டு போவதையும் நரம்பு என்கிறோம். இது ரத்தக் குழாய். எட்டாம் வகுப்பில் தமனி, சிரை என்று படம் போட்டுப் பாகம் குறித்தோமே, அதில் சிரை. வெரிகோஸ் வெயின்.

அப்புறம் அடுத்த டாக்டரைத் தேடுவதற்குள் பெங்களூரிலிருந்து பெட்டி வந்துவிட்டது.

அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டினால் கிடைக்காத சாமான் கிடையாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ரூம் நண்பனுக்கு நண்பன் ஒருவன் வாங்கி வந்தது. பெட்டி மேல் ஒரு டிராகன். உள்ளே கறுப்பு உருண்டைகள், இலந்தை வடையையும் பழைய புஸ்தகத்தையும் சேர்த்து அரைத்த வாசனை. விலை 2,800 ரூபாய். விற்றவன் வாட்ஸ்அப்பில் தமிழாக்கமும் அனுப்பியிருந்தான்: 'சீனாவின் பழமையான மூலிகை. ரத்த ஓட்டம் சீராகும். நரம்புச் சுருட்டல் 21 நாளில் மறையும். மூலிகை என்பதால் பக்க விளைவு கிடையாது.'

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். எந்த அட்டைப் பெட்டியைப் பார்த்தாலும் பொடி எழுத்தைப் படிப்பேன். ('நீங்க சினிமா டிக்கெட்டுக்குப் பின்னாடி இருக்கிறதையே படிக்கிற ஆளு' என்பது வீட்டு அபிப்பிராயம்.) சீன எழுத்துக்கு நடுவே தாவரவியல் பெயர்கள் லத்தீனில் இருந்தன. குசும்பாப் பூ. டாங் குயெய் என்கிற வேர். ஆக்கிராந்தஸ், அதாவது சூளகிரி ரோட்டோரத்தில் வேட்டியில் ஒட்டிக்கொள்ளும் நம்ம நாயுருவியின் சீனத்து அண்ணன். அதிமதுரத்தில் ஒரு வகை. முதல் இடத்தில் சால்வியா மில்டியோரைசா. சீனாவில் 'டான் ஷென்' என்பார்கள். சிவப்பு வேர்.

இவை ஏதோ தெருவோரச் சமாசாரம் என்று நினைக்காதீர்கள். இந்த மாதிரிச் சேர்க்கைகளில் பிரபலமான ஒன்றின் பின்னால் ஒரு பெரிய மனிதர் இருக்கிறார். வாங் சிங்ரென். 1768-ல் பிறந்த சீன வைத்தியர். உடம்புக்குள் என்ன இருக்கிறது என்று பழைய ஏடுகள் சொன்னதை அவர் நம்பவில்லை. பிணத்தை அறுப்பது அங்கே நினைத்துப் பார்க்க முடியாத காரியம். 1797-ல் ஓர் ஊரில் கொள்ளை நோய் வந்து குழந்தைகள் மடிந்தன. அரைகுறையாகப் புதைத்த உடல்களை நாய்கள் குதறிப் போட்டிருந்தன. வாங் நாள்தோறும் அந்த இடுகாட்டுக்குப் போய், மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தார். நாற்பது வருஷம் குறிப்பெடுத்து, 1830-ல் ஒரு புஸ்தகம் போட்டார். வைத்தியர்கள் செய்த தப்புகளைத் திருத்துவதாகத் தலைப்பிலேயே சொல்கிற புஸ்தகம்.

என்ன துணிச்சல் பாருங்கள்! ஆனால் ஒரு சங்கடம். செத்த உடம்பில் தமனிகள் காலியாகக் கிடக்கும். அதைப் பார்த்து, தமனியில் ஓடுவது ரத்தம் இல்லை, காற்று போன்ற பிராண சக்தி என்று முடிவு கட்டிவிட்டார். நெஞ்சறையில் ரத்தம் தேங்கிக் கிடந்ததைப் பார்த்து, இதுதான் ரத்த மாளிகை என்று பெயர் வைத்தார். மாளிகையில் தேங்கியதை விரட்ட பதினோரு சரக்கு போட்டு ஒரு கஷாயம் எழுதினார். ஷுவே ஃபூ ஜூ யூ தாங். நாயுருவியின் அண்ணனும் குசும்பாவும் அதில் உண்டு. இன்றைக்கும் சீனாவில் விற்கிறது. அவருக்கு 200 வருஷம் முன்னாலேயே, 1628-ல், லண்டனில் வில்லியம் ஹார்வி என்பவர் ரத்தம் இருதயத்திலிருந்து கிளம்பிச் சுற்றி இருதயத்துக்கே வருகிறது என்று எழுதிவிட்டார். சேதி வாங் காதுக்குப் போய்ச் சேரவில்லை.

ஹார்விக்கு அந்த யோசனை வரக் காரணமானவற்றில் ஒன்றுதான் மச்சினன் காலில் ரிப்பேர். அவருடைய ஆசிரியர் ஃபாப்ரிசியஸ், சிரைகளுக்குள் குட்டிக் குட்டிக் கதவுகள் இருப்பதை 1603-ல் படம் போட்டுக் காட்டினார். கதவு ஒரு பக்கம்தான் திறக்கும். பாதத்து ரத்தம் இருதயம் வரைக்கும் நாலடி ஏற வேண்டும். மேலே இழுக்க மோட்டார் இல்லை. கெண்டைக்கால் சதைதான் மோட்டார். நடக்கும்போது சதை இறுகி சிரையைப் பிழியும், ரத்தம் ஒரு கதவைத் தாண்டும், கதவு சாத்திக்கொள்ளும். அடுத்த அடி, அடுத்த கதவு. அசையாமல் நின்றால் கணுக்கால் சிரையில் அழுத்தம் 90 மில்லிமீட்டர் பாதரசம் சுமாருக்கு இருக்கும். நடக்க ஆரம்பித்தால் முப்பதுக்கு இறங்கிவிடும். மோட்டாரை நிறுத்திவிட்டுத் தொட்டியை நிரப்பிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? குழாய் உப்பும். உப்பினால் கதவின் இரண்டு இலையும் சேராது. சேராவிட்டால் மேலேயுள்ள ரத்தமும் கீழே இறங்கும். அப்பா அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைக்கு வரலாம், உடம்பு பருமனும் ஒரு காரணம், பெண்களுக்குப் பிரசவம் இன்னொன்று. ஆனாலும் டென்மார்க்கில் பன்னிரண்டு வருஷம் கவனித்து 2005-ல் எழுதினார்கள்: நின்றும் நடந்துமே வேலை பார்ப்பவர்கள் இதற்காக ஆஸ்பத்திரியில் சேர்வது மற்றவர்களைவிட ஒன்றே முக்கால் மடங்குக்கு மேல்.

கதவின் கீல் கழன்றதற்குக் கஷாயம் என்ன செய்யும்? இதை மச்சினனிடம் சொன்னேன். மரியாதையுள்ள பையன், தலையாட்டினான். உருண்டையையும் முழுங்கினான். பத்து நாளில், கசப்பு தாங்கவில்லை என்று நிறுத்திவிட்டான். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

2,800 ரூபாய் கொடுத்து வாங்கியதை யார் குப்பையில் போடுவார்கள்?

என் மாமனாருக்கு ஏழு வருஷம் முன்னால் பெங்களூரில் இருதய வால்வு மாற்றினார்கள். உலோக வால்வு. அதில் ரத்தம் உறைந்து ஒட்டாமல் இருக்க, தினமும் ராத்திரி வார்ஃபரின் மாத்திரை. மாதம் ஒரு தரம் ரத்தப் பரிசோதனை. அதில் ஐ.என்.ஆர். என்று ஒரு நம்பர் வரும். உங்களுக்கும் எனக்கும் 1. அவருக்கு இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவே நிற்க வேண்டும். குறைந்தால் வால்வு அடைக்கும். கூடினால் எங்காவது ரத்தம் கசியும். அந்த 'எங்காவது' மூளையாகவும் இருக்கலாம்.

மனிதர் பத்தியத்தில் புலி. கீரை அளவு ஏறி இறங்கினால் அந்த மருந்து குழம்பும் என்று டாக்டர் ஒரு தரம் சொன்னதற்கு, முருங்கைக்கீரையைக் கரண்டியால் அளந்து போடச் சொல்வார். வாரம் இரண்டு கரண்டி. மூன்றாவது விழுந்தால் மாமியாருக்கு அர்ச்சனை. அப்பேர்ப்பட்டவர், பிள்ளை வேண்டாமென்று வைத்த சீன உருண்டையை, 'ரத்த ஓட்டத்துக்கு நல்லதாமே' என்று காலை ஒன்று மாலை ஒன்றாகச் சாப்பிட்டிருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. மூலிகையைச் சொல்லணுமா என்ன?

மூன்று வாரம் கழித்து என் மனைவி ஊருக்குப் போனாள். பல் விளக்கும்போது அப்பா துப்புவது சிவப்பாக இருப்பதைப் பார்த்தாள். "புது பேஸ்ட்மா, ஒத்துக்கல" என்றார். முழங்கைக்கு மேல் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு திட்டு. "மோட்டார் ரூம் கதவு இடிச்சிருக்கும்." இடித்ததாக ஞாபகம் இல்லையாம். மனைவி எனக்கு போன் பண்ணினாள். கடைசியில்தான், "அந்த டிராகன் டப்பா காலியாகிட்டே வருதுங்க" என்றாள்.

அன்று ராத்திரியே ஓசூரில் டெஸ்ட். ஐ.என்.ஆர். 6.1.

டாக்டர் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, முதல் பெயரில் விரலை வைத்தார். டான் ஷென். வார்ஃபரினோடு இதைச் சாப்பிட்டு நோயாளிகளுக்கு ரத்தம் எக்கச்சக்கமாக இளகிப்போனதை 1990-களிலேயே ஹாங்காங் டாக்டர்கள் எழுதிவைத்திருக்கிறார்களாம். டாங் குயெய் பற்றியும் அப்படி உண்டு. "இதுதான் காரணம்னு கோர்ட்ல நிரூபிக்க முடியாது. ஆனா இதை நிறுத்துங்க, அப்புறம் பேசலாம்" என்றார். மாத்திரையை நிறுத்தி, விட்டமின் கே கொடுத்து, இரண்டு நாள் பெட்டில் வைத்துக்கொண்டார். நாலாம் நாள் நம்பர் மூன்றுக்கு வந்தது. அந்த இரண்டு ராத்திரியும் மச்சினன் வராந்தாவில் உட்காரவில்லை. பெஞ்ச் காலியாகத்தான் இருந்தது.

"மூலிகைதானே டாக்டர்?" என்று மாமனார் கடைசி நாள் கேட்டார்.

"உங்க வார்ஃபரினும் ஒரு வகையில புல்லுல இருந்து வந்ததுதான்" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். நிஜம். 1933 பிப்ரவரியில், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாகாணத்தில், கொட்டுகிற பனியில் ஒரு குடியானவர் 190 மைல் லாரி ஓட்டிக்கொண்டு மாடிசன் நகரத்துப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். லாரியில் ஒரு செத்த கிடேரி, ஒரு பால் கேனில் உறையாத ரத்தம், கொஞ்சம் கெட்டுப்போன தீவனப் புல். மாடுகள் உள்ளுக்குள் ரத்தம் கசிந்து ஒவ்வொன்றாய்ச் சாகின்றன, என்ன செய்யட்டும் என்று கேட்டார். கார்ல் லிங்க் என்ற ரசாயனப் பேராசிரியர் அந்தப் புல்லைக் குடைய ஆரம்பித்தார். ஊசிப்போன ஸ்வீட் குளோவர் புல்லில் இருந்த சரக்கைப் பிரித்தெடுக்க ஆறேழு வருஷம் ஆயிற்று. அதன் வழியில் செய்ததுதான் வார்ஃபரின். முதலில் 1948-ல் எலி மருந்தாக விற்றார்கள். 1955-ல் ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது அவருக்கே கொடுத்தார்கள்.

ஆக, செடியில் சரக்கு இருக்கிறது. அதனால்தான் பயம். 'மூலிகை, ஆகவே பக்க விளைவு கிடையாது' என்பவன், சரக்கே இல்லாததை விற்கிறான் அல்லது சரக்கு தெரியாமல் விற்கிறான். 1990-களின் ஆரம்பத்தில் பெல்ஜியத்தில் உடம்பு இளைக்க சீன மூலிகை கேப்சூல் கொடுத்தார்கள். சீனப் பெயர் ஒரே மாதிரி இருந்த குழப்பத்தில் ஒரு வேருக்குப் பதில் அரிஸ்டலோக்கியா வேர் சேர்ந்துவிட்டது. நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் பழுது. அரிஸ்டலோக்கியா குடும்பத்தில் நம் வயல் வரப்பிலும் ஒரு செடி உண்டு. நம்மவர்கள் அதற்கு வைத்த பெயர் ஆடுதீண்டாப்பாளை. ஆட்டுக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, மச்சினன் காலுக்கு வருவோம். இந்தக் கலவரத்துக்குப் பிறகு பிள்ளை ஒழுங்காக ரத்தக்குழாய் டாக்டரிடம் போனான். டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். தொடை இடுக்குப் பக்கத்துக் கதவு ஒழுகுகிறது. இப்படியே விட்டால் கணுக்கால் தோல் கறுத்து, அரித்து, ஆறாத புண்ணாகும் என்றார். இப்போதைக்கு இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ், காலையில் படுக்கையை விட்டு எழுவதற்கு முன்பே மாட்ட வேண்டும். படுக்கும்போது காலுக்குத் தலையணை. சரிப்படாவிட்டால் லேசரில் அந்தச் சிரையை அடைத்துவிடலாம், ஒரே நாளில் வீட்டுக்குப் போகலாம். கூடவே ஓர் எச்சரிக்கை: ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் எண்ணெய் தடவிக்கொண்டிருக்காதே, அன்றைக்கே வா. உள்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம்.

லேசர் என்றதும் மச்சினன் நெளிந்தான். அவனுக்கு ரோமாபுரித் தளபதி மாரியஸ் கதையைச் சொன்னேன். ஜூலியஸ் சீசரின் அத்தை புருஷன். இரண்டு காலிலும் இதே நோய். மயக்க மருந்து இல்லாத காலம். கட்டிப்போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரு காலை நீட்டி, முனகாமல் அறுத்துக்கொண்டார். அடுத்த காலுக்கு வைத்தியர் வந்தபோது, இந்த வலிக்கு இந்தக் குணம் கட்டுப்படியாகாது என்று அனுப்பிவிட்டார். மச்சினனுக்குத் தைரியம் வருமென்று சொன்னேன். ஸ்டாக்கிங்ஸே போதும் என்று முடிவு பண்ணிவிட்டான்.

டாக்டர் எழுதிய மாத்திரையின் பொடி எழுத்தையும் படித்தேன், விடுவேனா? டயாஸ்மின். ஆரஞ்சு வகைத் தோலிலிருந்து எடுத்த சரக்கு. வீக்கத்தையும் கனத்தையும் குறைக்கும், ரோடு மேப்பை அழிக்காது. ஐரோப்பாவில் குதிரைச் செஸ்ட்நட் விதைச் சாரமும் இப்படித்தான், வலிக்கும் வீக்கத்துக்கும் கொஞ்ச நாளைக்குக் கேட்கிறது என்று பரிசோதனைகள் சொல்கின்றன. பச்சை விதை விஷம். வேடிக்கை என்னவென்றால், கால் சிரைக்கென்று இத்தாலிக்காரர்கள் சோதித்துப் பார்த்த இன்னொரு செடி நம் வல்லாரை. ஓசூர் மார்க்கெட்டில் கன்னடத்து அம்மா ஒந்தெலகா என்பார், தெலுங்கு அம்மா சரஸ்வதி ஆக்கு என்பார், நாம் பரீட்சைக்கு முன்னால் துவையல் அரைப்போம். சீன மூலிகை ஏட்டிலும் அது உண்டு. சின்னச் சின்னப் பரிசோதனைகள்தான், கணுக்கால் வீக்கம் குறைந்ததாம். அதுவும் அளந்து எடுத்த சாரம், துவையல் இல்லை. இதை மாமியாரிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அடுத்த நாள் மச்சினன் டிபன் பாக்ஸில் வல்லாரைத் துவையல். மாமனார் தட்டைக் கையால் மூடிக்கொண்டார்.

ஆனால் டாக்டர் கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டமான மருந்து. "மணிக்கு ஒரு தரம் அஞ்சு நிமிஷம் உட்காரு. இல்லன்னா நட. ரெண்டும் முடியலன்னா நின்ன இடத்துலயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கு."

"நான் கான்ட்ராக்ட்டு மாமா" என்றான் மச்சினன், வெளியே வந்ததும். "ஸ்டூல் கேட்டா கேட்டைக் காட்டிடுவாங்க."

ஸ்டூலுக்குச் சட்டம் இருக்கிறது என்றால் அவனுக்குச் சிரிப்பு. 1948 தொழிற்சாலைச் சட்டம், 44-ம் பிரிவு. நின்றே வேலை செய்கிறவர்களுக்கு, நடுவே கிடைக்கிற ஓய்வில் உட்கார, தகுந்த வசதி செய்து வைக்க வேண்டும். அதற்குப் பதிலாக வந்த 2020 தொகுப்புச் சட்டமும் உட்கார இடம் கேட்கிறது. கடைகளுக்கு இது இல்லாமலிருந்தது. கோழிக்கோட்டில் விஜி என்ற தையற்காரர் துணிக்கடைப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு வருஷக்கணக்கில் போராடியதில், 2018-ல் கேரளாவில் சட்டம் வந்தது. 2021 செப்டம்பரில் நம் சட்டசபையிலும் நிறைவேறியது. துணிக்கடைக்குப் போனால் பாருங்கள், புடவை எடுத்துப்போடுகிற பெண்ணுக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறதா என்று. இருக்கும். சில இடத்தில் அதன் மேல் அட்டைப் பெட்டி இருக்கும்.

மச்சினன் தனியாகக் கேட்கவில்லை. லைனில் இன்னும் ஐந்து பேர் பேன்ட்டை ஏற்றிக் காட்டினார்களாம், எல்லார் காலிலும் ரோடு. ஆறு பேரும் டாக்டர் சீட்டோடு சூப்பர்வைசரிடம் போனார்கள். அவர் ஒன்றும் பேசாமல் தன் பேன்ட்டைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். உள்ளே பழுப்பு நிற ஸ்டாக்கிங்ஸ்.

அடுத்த வாரம் ஸ்டூல் வந்தது. ஒன்று. ஆறு பேருக்கு டைம்டேபிள் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். மச்சினனுக்கு 9.40-லிருந்து 9.45 வரைக்கும், மறுபடி 12.10-க்கு.

"எப்படிடா இருக்கு?" என்று போனில் கேட்டேன்.

"இருங்க மாமா, 9.44 ஆச்சு" என்று வைத்துவிட்டான்.